செல்லும் திசையும் மாறும் திசையும்

ஒரு பொருள் கிழக்கு நோக்கிச் செல்லுங்கால் அதன் முடுக்கம் மேற்கு நோக்கியிருத்தல் கூடுமோ எனின், கூடும் என்பர் பௌதிக நூலார். திசைவேகமாவது, பொருள் இதுபோழ்து எத்திசையில் எத்துணை விரைவாகச் செல்கின்றது என்பது. முடுக்கமாவது, அவ்வேகம் எத்திசையில் எவ்வளவாக மாறிவருகின்றது என்பது. முன்னது நிலை, பின்னது நிலையின் மாற்றம். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதலானே மயக்கம் பிறக்கின்றது.

வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர்மேலே எறிக. காற்றின் தடையை விலக்கி நோக்கின், 1 வினாடி கழிய அதன் வேகம் 9.8 மீட்டராகும், கல் இன்னும் மேலேயே செல்கின்றது. 2 வினாடி கழிய வேகம் சுழியாம். 3 வினாடி கழிய அது 9.8 மீட்டர் வேகத்தொடு கீழே வந்துகொண்டிருக்கும். ஏறும்போதும், உச்சியில் நிற்கும் அக்கணத்தும், இறங்கும்போதும் முடுக்கம் கீழ்நோக்கியதே; அளவும் ஒன்றே. ஆகவே, கல் உச்சியிற்றான் மனம்மாறியது எனல் பிழை. கையைவிட்டு நீங்கிய அப்பொழுதே நிலமகள் அதனை அழைக்கத் தொடங்கினாள்.

இவ்வுண்மை உயிர்கட்கும் பொருந்துமோ என ஆராய்வாம். மருணீக்கியார் சமண் சமயஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றுத் தலைமையெய்தியிருந்த காலத்து, அவர் செல்லுந் திசையைக் கண்டோர் அவர் மீளார் என்றே துணிந்திருப்பர். ஆயினும், திருவதிகையில் தமக்கையார் திலகவதியார் இறைவன்பால் வேண்டிநின்ற வேண்டுகோள் அவரை இடைவிடாது பின்னீர்த்துக்கொண்டிருந்தது. சூலைநோய் வந்த பின்னரே திரும்புதல் புலனாயிற்று. ஈர்ப்போ அதற்கு முன்னரே உண்டு. மறைத்து நடத்தும் திரோதான சத்தியும் அருளே என நம் ஆசிரியர் கூறுதலும் இக்கருத்துப்பற்றியே.

ஈண்டு ஒரு வேறுபாடு அறியற்பாலது. கோம்பை முதலிய கம்பம் பள்ளத்தாக்கினர் ஏலத்தோட்ட வேலை முடிந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் இறங்குவர். வளைவில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தவழி வண்டியின் வேகம் கீழ்நோக்கியது, முடுக்கம் மேல்நோக்கியது. எனினும் வண்டி நின்றபின் மேலே ஏறிவிடுவதில்லை. தடை நிறுத்துமேயன்றி மீட்டுத் தாராது. கல்லை மீட்டது தடையன்று, ஈர்ப்பு. அங்ஙனமே அச்சமும் தண்டமும் ஒருவனைத் தீநெறியில் நிறுத்தவல்லன. நன்னெறிக்குக் கொணர்வது அன்பே. சூலை அவரை நிறுத்திற்று. தமக்கையாரது அன்பும் இறைவன் திருவருளும் அவரைத் திருவதிகைக்குக் கொணர்ந்தன.

அற்றேல், தீயன செய்வார் யாவரையும் திருந்திவருவாரெனக் கொண்டு வாளாவிருத்தும் எனின், அற்றன்று. பிரேக்கு மிதிக்கப்பட்ட வண்டியும் எதிர்நின்றாரை மோதும். ஆதலின் அதன் வழியினின்று விலகுதலும் பிறரை விலக்கிக் காத்தலும் வேண்டும். குடியைக் குறைத்து வருவான் ஒருவன் இன்றும் குடித்து வந்தானாயின், அவன் மனையாளும் மக்களும் உறுந் துன்பம் மெய்யே. அதனைப் பொறுத்திருக்க எனல் அறமன்று. ஆனால் அவன் கெட்டொழிந்தான் எனத் தீர்ப்பளித்து, அவனை ஈர்த்துநிற்கும் அன்பின் கயிற்றை அறுத்தெறிதலும் அறமன்று.

முடுக்கத்தை ஒருகாற் பார்த்து உணர்தல் இயலாது. இருவேறு காலத்து வேகங்களை ஒப்பிட்டே அறிதல்வேண்டும். அதுபோல மாந்தரையும் நேற்றையினும் இன்று எங்ஙனம் உளர் என நோக்குதலே நேரிய நோக்காம். இந்நோக்கை நம்மேலும் செலுத்துக. பூசையும் ஓதலும் தவறாது செய்து முன்செல்கின்றேம் என மகிழ்வார் நெஞ்சின்கண் அன்பு நாடோறும் குறைந்துவரின், அவர் முன்செல்லும் வேகம் பழைய வேகத்தின் எச்சமே. அது விரைவில் ஓயும். பிறரிடத்துச் செல்லுந் திசை ஒன்றே கண்டு வெறாமையும், தம்மிடத்து மாறுந் திசையை நாடோறும் ஆராய்தலும் மெய்யன்பர்க்குக் கடனாமென்க.