அருளின் புறத்தே ஓர் இடமுண்டோ?



உயர்நிலையில் விளங்கிய ஒருவன் தன் பிழையால் இழிநிலை எய்தியவழி, 'அருளினின்று வீழ்ந்தான்' என்று கூறுதல் மேலைநாட்டார் வழக்கு. அவ்வழக்கு இந்நாளில் நம்மவர் எழுத்திலும் புகுந்துவிட்டது. ஒருவன் புகழினின்று வீழலாம், செல்வத்தினின்று வீழலாம், ஒழுக்கத்தினின்று வீழலாம். அருளினின்று வீழ்தல் கூடுமோ? கூடும் என்பார், வீழ்ந்து கிடத்தற்கு அருளின் புறத்தே ஓர் இடமுண்டென்று காட்டுதல் வேண்டும். இவ்வினாவை ஓட்டவீரர் இருவர்தம் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம். சாத்திரம் ஓதுவார்க்கு ஓட்டப்பந்தயம் எற்றுக்கெனின், உயிரின் இயல்பு விளங்குதற்கு உலகியல் எடுத்துக்காட்டும் வேண்டப்படும் ஆகலின் என்க.

கென்யா நாட்டு நந்தி மலைப்பகுதியில் 1952-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி ரோனோ என்பார். குழந்தைப் பருவத்தில் மிதிவண்டியினின்று வீழ்ந்து கணுக்கால் ஊறுபட்டமையின், சில ஆண்டுகள் நடக்கமாட்டாதிருந்தவர். அக்கால்களே பின்னர் உலகம் வியக்க ஓடின. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்து, 1978-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பெர்க்கிலி நகரில் 5000 மீட்டர் தொலைவை 13 நிமிடம் 8.4 விநாடியில் ஓடி, அதுகாறும் ஒருவரும் எய்தாத விரைவை எய்தினார். மே 13-ஆம் நாள் சியாட்டில் நகரில் 3000 மீட்டர் தடைதாண்டோட்டம். ஜூன் 11-ஆம் நாள் வியன்னாவில் 10000 மீட்டர். ஜூன் 27-ஆம் நாள் ஆஸ்லோவில் 3000 மீட்டர். இங்ஙனம் 81 நாளைக்குள் நான்கு உலகச் சாதனைகள் ஒருவராலேயே நிகழ்த்தப்பட்டன. எனினும், 1976-இலும் 1980-இலும் அவர் நாடு ஒலிம்பிக் விழாவினைப் புறக்கணித்தமையின், அவ்விழாவில் ஒருமுறையேனும் ஓடும் பேறு அவர்க்கு வாய்த்திலது.

புகழோடு மதுவும் வந்து பற்றிற்று. 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் நார்வே நாட்டில், முன்னாளிரவு மிகக் குடித்து, காலையில் ஓடி வியர்வையால் அதனைப் போக்க முயன்று, அன்றே 5000 மீட்டர் தொலைவை 13 நிமிடம் 6.20 விநாடியில் ஓடித் தம் பழைய சாதனையையும் கடந்தார். உலகம் இதனை வெற்றியென்று கொண்டாடிற்று. யாம் ஆராயுமிடத்து, அவர் வீழ்ச்சி தொடங்கிய நாள் அவ்வெற்றி நாளேயாம் போலும். என்னை? தோற்றிருப்பின் மது தன் பகைமையைக் காட்டியிருக்கும். வென்றமையின் அது தன்னை மறைத்துக்கொண்டது. 'குடித்தும் ஓட வல்லேன்' என்னும் எண்ணத்தினும் கொடிய நஞ்சு வேறில்லை. அதன்பின் ஓட்டம் தளர்ந்தது, பொருள் கரைந்தது, வீடுமின்றி, வறியோர்க்கு அமைத்த உறையுளில் தங்கும் நிலை எய்திற்று. விமான நிலையத்தில் பிறர் மூட்டை சுமந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஏவல் செய்தார். 81 நாளில் நான்கு முறை உலகினை வென்றவர் இவரென அம்மூட்டைக்குரியார் அறிந்திலர்.

இனி மற்றொருவர். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1951-இல் பிறந்த ஸ்டீவ் பிரிபோன்டேன் என்பார், 2000 மீட்டர் முதல் 10000 மீட்டர் காறும் தம் நாட்டுச் சாதனைகளையெல்லாம் தம்முடையவாகக் கொண்டவர். 1975-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் யூஜீன் நகரில் ஓடி வென்றார். அவ்விரவு விருந்தொன்றிற்குச் சென்று, நள்ளிரவு கழிந்த சிறுபோதில் தம் மோட்டாரைத் தாமே ஓட்டிவருங்கால், அது பாறையில் மோதிக் கவிழ, அதன்கீழ் அகப்பட்டு 24-ஆம் அகவையில் இறந்தார். அவர் குருதியில் நூற்றுக்கு 0.16 பங்கு மது இருந்ததெனக் காவலர் உரைத்தனர். அவ்வளவினை ஐயுறுவாரும் உளர். காவலர் கூற்று மெய்யாயின், 100 மில்லிலிட்டர் குருதிக்கு 30 மில்லிகிராம் என நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வகுத்த எல்லையினும் அஃது ஐம்மடங்கின் மிக்கது. அவர் இறந்த பாறையருகே இன்றும் ஓட்டவீரர் தம் பதக்கங்களை வைத்து வணங்கிச் செல்கின்றனர். ஒருவரை உலகம் இளமையிலே இழந்து போற்றிற்று. ஒருவரை உயிரோடு வைத்தே மறந்தது. ஆதலின் உலகின் போற்றலும் மறத்தலும் அருளுக்கு அளவுகோல் ஆகாமை அறிக.

மது செய்யும் தீங்கினை நுனித்து நோக்கின் ஓருண்மை புலனாம். அது கை கால்களைத் தளர்த்துதற்கு முன்னரே, 'யான் தளர்ந்தேன்' என்றறியும் அறிவினைக் கெடுக்கின்றது. பாதையை மறைப்பது அதன் இரண்டாம் செயல். தன்னை மறைப்பது முதற்செயல். ஆதலினன்றோ மதுவுண்டான், 'யான் நன்கு ஓட்டுவேன்' என்று துணிந்து வண்டியில் ஏறுகின்றான்! நம் சாத்திரங்கள் ஆணவமலத்துக்குக் கூறும் இலக்கணமும் இதுவே. புறவிருள் பிற பொருளை மறைப்பினும், 'இஃது இருள்' என்று தன்னையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது உமாபதிசிவனார் திருவருட்பயனுள் இருண்மலநிலையில் வைத்துத் தெளித்த கருத்தன்றோ? எனவே மதுமயக்கம், உயிரின் அநாதி மயக்கத்தைச் சில நாழிகைக்குக் கண்கூடாக்கிக் காட்டுவதோர் எடுத்துக்காட்டு என்க. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றாதலின், புகழைச் சார்ந்துழிப் புகழேயாய், மதுவைச் சார்ந்துழி மதுவேயாய் நின்றது.

அற்றேல், அங்ஙனம் மயங்கியவனை அருள் விட்டு நீங்கிற்று எனின், அற்றன்று. மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்றாதலானும், மலத்தை அதன் வழியே நடத்தி அதன் வலி தேயச் செய்வது திரோதான சத்தியாதலானும், அச்சத்தி மலமெனப் பெயர் பெற்றது உபசாரமே ஆதலானும், மறைந்து நிற்பதும் அருளே என்பது துணிபு. கண்ணோய்க்கு மருந்திட்ட மருத்துவன் அக்கண்ணைச் சீலையாற் கட்டுதல் பகைமையாமோ?

எல்லாம் அருளேயெனில், குடித்து வண்டி ஓட்டிப் பிறரைக் கொன்றானுக்கும் குற்றமில்லையாம் பிறவெனின், அதுவும் பொருந்தாது. அருள் நீங்காமை வேறு; வினை நீங்காமை வேறு. மயக்கத்தில் செய்த வினையும் செய்தானையே சாரும். அறிவிழப்பதற்கு முன் கிண்ணத்தை அறிவோடு எடுத்தானாகலின், 'அறியாது செய்தேன்' என்னும் விடை அவனுக்கு இல்லை. அரசன் தண்டமும் ஏற்கற்பாலது. ஊறுற்றார்க்குச் செய்யும் கடனும் தீர்க்கற்பாலது. அருள் அவனை விடாதென்பது அக்கடனைத் தள்ளுதற்கன்று. அதனைச் சுமந்து எழுதற்கு.

இனி யான் எழுத நாணுவதொன்று எழுதுகின்றேன். என்பால் ஐந்தாண்டு பாடம் கேட்ட மாணவன் ஒருவன், பின்னாளில் மோட்டார் ஓட்டிப் பிழைத்து, குடியிற் பழகி, ஓரிரவு சாலையோரம் நடந்த முதியவர் ஒருவரை மோதி அவர் காலை முறித்துச் சிறை சென்றான். மீண்ட பின் ஒருநாள் மாலை, திருவருட்பயன் பாடம் நடக்கும்பொழுது வாயிலில் வந்து நின்று, "ஐயா, திண்ணையிலிருந்து கேட்டுப்போக மட்டும் உத்தரவு வேண்டும்" என்றான். "கள் நாறும் வாயினனுக்குச் சாத்திரம் எற்றுக்கு?" என்று கூறி யான் கதவை அடைப்பித்தேன். அவன் அன்று குடித்திருந்திலன். உடனிருந்தார் என் ஆசாரத்தைப் புகழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். ரோனோவின் வரலாறு கற்றபொழுதே எனக்கு உண்மை விளங்கிற்று: அன்று அவ்வீட்டில் மயங்கியிருந்தவன் ஒருவனே, அவன் கதவின் உட்புறத்தே இருந்தான். மதுவின் நாற்றத்தையாவது அயலார் அறிவர். கல்விச் செருக்கின் நாற்றத்தையோ புகழ்வாரும் அறியார், உடையானும் அறியான்.

நம்பியாரூரர் திருவொற்றியூரில் சூளுரைத்து, அதனைப் பிழைத்து எல்லை கடந்தவுடன் இருகண்ணும் இழந்தமை நாம் அறிவோம். தம்பிரான் தோழர்க்கும் பிழையின் பயன் தவிர்ந்திலது. ஆயினும் இறைவன் அவரை விட்டானல்லன். வெண்பாக்கத்தில் முதற்கண் அருளியது கண்ணன்று, ஊன்றுகோல். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மற்றொரு கண். அருளாளரொடு ஏனையோரை ஒப்பிடுதல் எம் கருத்தன்று. வீழ்ந்தார்க்கு அருள் வருமுறை இதுவென்பதே கருத்து. முன்னை நிலை முழுதும் ஒருங்கே மீளாது. அடுத்த அடி வைத்தற்கு ஒரு கோல் முதலில் வரும்.

ரோனோவுக்கும் அவ்வாறே ஆயிற்று. பலமுறை விட்டுப் பலமுறை வீழ்ந்து, ஈற்றில் மதுவை ஒழித்தார். ஆல்புகர்க்கி நகரில் இளைஞர்க்கு ஓட்டம் பயிற்றினார். 2007-இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக்கினார். முதுமையில் தாய்நாடு மீண்டு, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் 72-ஆம் அகவையில் உடல் நீத்தார். பழைய விரைவு மீண்டிலது, தெளிவு மீண்டது. ஒருவர்க்கு அப்பொழுது கிடைத்ததும் மற்றையவர்க்குக் கிடையாததும் ஏனென்று அளத்தல் நம் சிற்றறிவுக்கு ஒல்லாது. கிடைத்த பொழுதைக் கோலாகப் பற்றுதலே நம் கடன்.

என் மாணவனைப் பின்னர்ப் பலகாலும் தேடுவித்தேன்; இருக்குமிடம் தெரிந்திலது. மடங்களிலும் கழகங்களிலும் பாடம் சொல்லும் பெரியீர்! அவன் போல்வான் ஒருவன் உங்கள் வாயிலில் வந்து நிற்பின், அவன் செய்த பிழையைப் பிழையென்றே அவனுக்குச் சொல்லுங்கள். ஆயின் திண்ணையில் இருக்கவிடுங்கள். அருளின் புறத்தே இடமில்லையாயின், அருள்நூல் ஓதும் இடத்தின் புறத்தே ஒருவனை நிறுத்துதற்கு நமக்கு உரிமை யாது?

திருச்சிற்றம்பலம்.