வினையும் வெள்ளணுவும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய்களில் உடம்பைத் தாக்குவது, அதைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே. இதைக் கேட்டதும் நம் வீடுகளில் ‘யார் செய்த பாவமோ’ என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. சொந்த உடம்பே பகையானால் குற்றம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு என்பதற்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையே வலுவான சான்று என்று நினைக்கிறேன்.

அதில் நடப்பது இதுதான். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை மருந்து கொடுத்து ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்தெடுக்கிறார்கள், உறையவைக்கிறார்கள். பிறகு கடுமையான கீமோதெரபியால் பழைய எதிர்ப்பு அணுக்களை அழித்துவிட்டு, சேமித்ததை ரத்தக்குழாய் வழியே திரும்ப ஏற்றுகிறார்கள். செல்களைக் கெடாமல் வைத்திருந்த டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தால் அறையில் பூண்டு வாடை அடிக்கும். ஏறுவது வேறொருவருடைய செல் அல்ல. அதே ஆள், அதே மரபணு. ஆனாலும் புதிதாகத் தலையெடுக்கும் வெள்ளணுக்கள் பலரிடம் பழைய தாக்குதலைத் தொடர்வதில்லை. 2019இல் வெளியான மிஸ்ட் ஆய்வில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 110 பேரை இரு பிரிவாக்கினார்கள். வழக்கமான மருந்து பெற்ற பிரிவில் 34 பேருக்கு நோய் முற்றியது. செல் மாற்றிய பிரிவில் 3 பேருக்குத்தான். இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளையும் மறுபடி போட வேண்டியிருக்கிறது. தட்டம்மையை எதிர்க்கக் கற்றதும் போயிற்று, தன்னைத் தாக்கக் கற்றதும் போயிற்று. அப்படியானால் அந்தப் பகை உடம்பின் இயல்பல்ல, இடையில் கற்றது.

சைவ சித்தாந்தம் படித்தவர் இங்கே மறிக்கலாம்: வினையும் இடையில் சேர்ந்ததுதானே, சஞ்சிதம் என்பதே சேமிப்புதானே? நியாயமான கேள்வி. ஆனால் வினைக்கு அறிந்து விரும்பிச் செய்யும் ஓர் உயிர் வேண்டும். வழி தவறிய டி செல் என்ற வெள்ளணுவுக்கு விருப்பம் ஏது? அமெரிக்கப் படையினர் 1 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது தெரிந்தது. எச்சில் வழியே பரவி, வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குள் இருக்கிற வைரஸ் அது. வினைக் கோட்பாட்டை ஏற்றவர்களே எல்லா நோயையும் அதன் தலையில் கட்டியதில்லை. எல்லா வேதனையும் முன்வினையாலா என்று சீவகர் என்ற துறவி கேட்டபோது புத்தர் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று வரிசைப்படுத்தி, எட்டுக் காரணங்களில் ஒன்றாக மட்டுமே வினையை வைத்ததாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது.

மரபணு மாறவில்லையே, குறை அங்கேதானே என்பது இன்னொரு மறுப்பு. மரபணுவுக்குப் பங்கு உண்டு. சிலருக்கு நோய் திரும்புவதும் அதனாலாக இருக்கலாம். ஆனால் ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இரட்டையருக்கு வினை வேறுவேறு என்று சொல்லிவிடலாம். எந்த முடிவுக்கும் பொருந்தும் அந்த விடையை எதைக் கொண்டு சோதிப்பது?

இதை அற்புத சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. 2014இல் வெளியான ஸ்கிளிரோடெர்மா ஆய்வொன்றில் செல் மாற்றும் பிரிவிலிருந்த 79 பேரில் 8 பேர் சிகிச்சையின் விளைவாலேயே முதலாண்டில் இறந்தார்கள். நீண்ட காலத்தில் அப்பிரிவினரே அதிகம் பிழைத்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. கருவுறும் திறன் போகலாம். புதிதாகத் தைராய்டு நோய் வரலாம். சிகிச்சையை மறுப்பதற்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. பாவக் கணக்கு அவற்றில் ஒன்றல்ல. அழற்சி தீவிரமாக இருக்கும் தொடக்க காலத்தில்தான் இந்தச் சிகிச்சை மிகவும் பலன் தருகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸால் செத்துப்போன நரம்பிழையை அது மீட்பதில்லை. விதி என்று காத்திருப்பவர் இழப்பது அந்தக் காலத்தைத்தான்.