சென்சாரைத் திருகும் முன் மீட்டரை எடுங்கள்

அவுட்போர்டு மோட்டார் வேலை பார்க்கும் தம்பிகளே, ஒரு பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐடிலில் தடுமாறுகிறது, லிவரைத் தள்ளினால் இழுக்கத் தயங்குகிறது என்று படகுக்காரர் வந்து நிற்கிறார். உடனே மூடியைக் கழற்றி, த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சத்தம் சீராகும்வரை அப்படியும் இப்படியும் திருப்பி, இறுக்கி அனுப்பிவிடுகிறீர்கள். கரையில், டிரம் தண்ணீரில் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆளும் வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு அலையை எதிர்த்துப் போகும்போதுதான் உங்கள் வேலையின் லட்சணம் வெளியே வரும்.

மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைசக்தி மோட்டாரில் இந்தச் சென்சாரே கிடையாது. அங்கே கார்புரேட்டரும் கேபிளும்தான். நான் பேசுவது இன்ஜெக்‌ஷன் வந்த மோட்டார்களையும், பற்றவைப்பு நேரத்தைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கும் பெரிய இரண்டு ஸ்ட்ரோக் வி6 ரகங்களையும் பற்றி. கார்புரேட்டரில் பழகிய கை அதே பழக்கத்தோடு இவற்றிலும் இறங்குவதால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருக்கும் அதே அமைப்புதான் பெரும்பாலான சென்சார்களின் உள்ளே இருக்கிறது. மூன்று வயர். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். த்ராட்டில் மூடியிருந்தால் சிக்னல் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டைத் தொடும் அல்லது தாண்டும். பூஜ்யத்தையும் 5-ஐயும் வேண்டுமென்றேதான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வயர் அறுந்தாலோ எர்த்தில் ஒட்டிக்கொண்டாலோ அந்த இரண்டு ஓரங்களில் ஒன்றுக்குத்தான் எண் ஓடும், அதை வைத்துக் கோளாறு என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். சரியான எண் மாடலுக்கு மாடல் வேறு. சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. சில இரண்டு ஸ்ட்ரோக் மாடல்களில் 0.5 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 0.02 வோல்ட்தான் விட்டிருக்கிறார்கள். 0.02 வோல்ட் வித்தியாசம் எந்த மெக்கானிக்கின் காதுக்குக் கேட்கும்?

நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில், எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முக்கியமாக இந்தச் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. த்ராட்டில் பாதி திறந்திருக்க, நீங்கள் திருப்பி வைத்த சென்சார் கால்வாசி என்று சொன்னால், காற்று நிறைய வரும், பெட்ரோல் குறையும். பிஸ்டன் தலை கொதித்து ஓட்டை விழும். அது கரையில் விழுவதில்லை. தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருப்பதை நாம் அறிவோம். அங்கே மணலும் அலையும் செய்கிற கொடுமையே போதும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில், லிவரைத் தள்ளிய நொடியில் மோட்டார் இழுக்காமல் போனால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். உங்கள் ஸ்க்ரூ டிரைவர் தொட்ட இடத்திற்கும் அந்த நொடிக்கும் தொடர்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அளக்க அதிக நேரம் ஆகாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முதலில் பேட்டரி. அது நலிந்திருந்தால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. அடுத்து 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் குற்றவாளி இந்தச் சென்சாராக இல்லாமலும் இருக்கலாம். அதே லைனில் தொங்கும் வேறொரு சென்சார் ஷார்ட்டாகி எல்லாவற்றையும் கீழே இழுக்கும். எர்த்தையும் பாருங்கள், உப்பு முதலில் கடிப்பது அதைத்தான். பிறகு சிக்னல். மூடிய நிலையில் எண் கூடுதலாக இருக்கிறதா? சென்சாரைத் தொடாதீர்கள். த்ராட்டில் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். கேபிள் இறுக்கமாக நின்று தகட்டை முழுதாக மூடவிடாமல் பிடித்திருந்தால், எண் அங்கேயே இறங்கிவிடும். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்னவன் வாயைத் திருகி என்ன பயன்?

கடைசியாக லிவரை மெல்ல, மிக மெல்ல நகர்த்துங்கள். எண் தடங்கலின்றி ஏற வேண்டும். அதிக நேரம் ஓடும் நிலையில் உள்ளிருக்கும் கார்பன் தடம் தேய்ந்துவிடும். அந்த இடத்தைக் கடக்கும்போது வோல்ட் ஒரு கணம் விழுந்து எழும். டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடக்கூடும், முள் மீட்டரில் துள்ளல் கண்ணுக்குத் தெரியும். பழைய முள் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அளக்கிறேன் என்று வயரின் தோலில் ஊசி குத்துவதும் பாவம்தான். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளங்கள். குத்திய துளை வழியே கடல் ஈரம் ஏறி, செம்பு உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துப் பொடியாகிவிடும். மேலே தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. அடுத்து வரும் மெக்கானிக் அதைக் கண்டுபிடிக்கப் படாதபாடு படுவான்.

யமஹாவில் 18 என்ற கோளாறு எண் வந்தவுடன் புதுச் சென்சாருக்குப் பணம் கேட்பது நியாயமல்ல. அந்த எண் சுட்டுவது சென்சாரையும் வயரையும் கப்ளரையும் சேர்த்த அந்த வழி முழுவதையும். அளக்காமல் மாற்றச் சொன்னால், ஒரு குடும்பத்தின் பல நாள் சம்பாத்தியத்தை ஊகத்தில் செலவழிக்க வைக்கிறீர்கள். கேபிளே இல்லாத புது மோட்டார்களில் இரண்டு சிக்னல்களைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் வேகத்தைத் தானே குறைத்துவிடும். அந்தப் பாதுகாப்பை ஏமாற்ற எந்தக் குறுக்கு வழியையும் தேடாதீர்கள். உள்ளே உரசும் தடமில்லாத காந்த ரகச் சென்சாரை ஓம் மீட்டரால் சோதித்துத் தீர்ப்பு சொல்லவும் வேண்டாம்.

படகுக்காரர்களுக்கும் ஒரு சொல். “சீக்கிரம் முடிச்சுக் குடு தம்பி, விடியக்காலம் தொழிலுக்குப் போகணும்” என்று தலைமேல் நிற்காதீர்கள். சரி செய்துவிட்டேன் என்றால், எத்தனை வோல்ட் இருந்தது, இப்போது எத்தனை என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த மோட்டாரோடு கடலுக்குப் போகாதீர்கள்.

தம்பிகளே, பில்லின் பின்பக்கத்தில் நான்கு எண்களை எழுதிக் கொடுங்கள்: பேட்டரி, 5 வோல்ட் லைன், மூடிய நிலை, முழுதாகத் திறந்த நிலை. கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நாளை கடைக்கு வரும் முதல் மோட்டாரிலேயே தொடங்குங்கள்.