உடற்கல்வியில் வளமும் மாணவர் நலனும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பள்ளிக் கால அட்டவணையில் உடற்கல்விக்கென ஒதுக்கப்பட்ட பாடவேளை, தேர்வு நெருங்கும்போது கணக்கிற்கோ அறிவியலுக்கோ மாற்றித் தரப்படுவது நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் காணப்படும் வழக்கமாகும். கணக்குப் பாடவேளை விளையாட்டிற்கு மாற்றித் தரப்படுவது அரிது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது நிர்வாகம் சார்ந்த சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயின் இதன் அடியில் அறவியல் வினாக்கள் இரண்டு உள்ளன. மாணவரின் உடல்நலமும் மனநலமும் பள்ளி அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனா, வசதி உள்ளபோது மட்டும் வழங்கும் கொடையா என்பது முதல் வினா. கடன் எனக் கொள்ளின், பயிற்சி பெற்ற ஆசிரியரும் இடமும் கருவிகளும் இல்லாத பள்ளியில் அக்கடனுக்குப் பொறுப்பாவார் யார் என்பது இரண்டாவது வினா. இவ்விரு வினாக்களையும் இந்தியப் பள்ளிக் கல்விச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியாகக் கருதப்பட்ட உடல்

இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்க்கான முறையான தொழிற்பயிற்சி, 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியால் வேரூன்றியது. விடுதலைக்குப் பின்னர் 1954இல் தேசிய ஒழுக்கத் திட்டம் தோன்றியது. 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பட்டது. 1959இல் அமைக்கப்பெற்ற குன்சுரு குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, தனித்தனியே இயங்கிய திட்டங்களை ஒருங்கிணைத்து 1965இல் தேசிய உடற்தகுதிப் படை உருவாக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் கேலோ இந்தியா தன் முதற் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை 2018இல் நடத்தியது; ஃபிட் இந்தியா இயக்கம் 2019 ஆகஸ்டு 29ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

இவற்றின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் இவற்றின் பெயர்களும் நோக்கங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒழுக்கம், படை, பதக்கம், நோய்த் தடுப்பு என ஒவ்வொரு காலத்திலும் உடற்கல்வி வேறொன்றிற்கான கருவியாகவே முன்வைக்கப்பட்டுள்ளது. ஒரு செயலைக் கருவி என்னும் தகுதியில் மட்டும் நியாயப்படுத்தினால், அதனினும் பயன்தரும் கருவி கிடைத்தவுடன் அதனைக் கைவிடுவதும் நியாயமாகிவிடும். மாணவனின் எதிர்காலத்திற்கு மதிப்பெண்ணே சிறந்த கருவி என்று பள்ளி கருதும்போது விளையாட்டுப் பாடவேளை பறிபோவது இத்தருக்கத்தின் இயல்பான முடிவேயாகும். ஆகவே உடற்கல்வியைக் காக்க விழைவோர், அது தரும் பயன்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட இயலாது.

விளையாட்டும் உவகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்துள்ளார். இலக்கியத்தில் உணர்வு வெளிப்படுமாற்றை விளக்கும் இலக்கணம் அது. கல்விக் கொள்கை கூறுவதன்று. எனினும் விளையாட்டைப் பிறிதொரு பயனுக்கு வாயிலாகக் கொள்ளாமல் உவகைக்கு நேரடிக் காரணமாகக் கொள்ளும் பார்வை நம் மரபில் உண்டு என்பதற்கு அது சான்றாகும். அவ்வுவகையை அல்லல் அற்றதாக அவர் சுட்டுவதும் கருதத்தக்கது. பிறர் அல்லலுறத் தாம் மகிழ்வது அவ்வுவகையில் அடங்காது எனக் கொள்ள இதில் இடமுண்டு.

இக்கால அறவியலாரும் இதனை ஒட்டியே சிந்தித்துள்ளனர். மார்த்தா நுஸ்பாம், மனிதர் மனிதராக வாழ்வதற்கு இன்றியமையாத ஆற்றல்களுள் உடல்நலத்தைச் சேர்த்ததோடு விளையாடுதலையும் தனியே சேர்த்துள்ளார். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் உறுப்பில் ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாக ஏற்கிறது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. உரிமை என்றானபின் அதனை வழங்குவது கொடையாகாது, கடனேயாகும். முதல் வினாவிற்குரிய விடை இது.

வளம் நலமாக மாறுதல்

கடனைச் செலுத்துதற்கு வளம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும், வகுப்புதோறும் தேவைக்கேற்ப விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலுமிடத்து, உடல்நலக் கல்விக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்துமாறும் அது விதிக்கிறது. இதனைக் கூர்ந்து நோக்கின், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும் நூறு மாணவரை எட்டாத சிற்றூர்ப் பள்ளி மாணவனுக்கும் இச்சட்டத்தின் அட்டவணையில் உடற்கல்விப் பயிற்றுநர் இல்லை என்பது புலனாகும். ஓடியாடும் பருவத்தில் உள்ளவர்க்கு மைதானம் உண்டு. அங்கு வழிநடத்துவோர் சட்டப்படி கட்டாயமில்லை.

இக்குறையின் தன்மையை அமர்த்தியா சென்னின் சிந்தனை தெளிவாக்குகிறது. 1979இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில், பொருள்களைச் சமமாகப் பங்கிடுவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என அவர் வாதிட்டார். ஒரே பொருளைக் கொண்டு ஒவ்வொருவரும் செய்ய இயல்வது வேறுபடும் என்பது அவ்வாதத்தின் அடிப்படை. ஒரு வகுப்பிற்கு ஒரு பந்து தரப்படுவதாகக் கொள்வோம். வலிமையுடைய நான்கு சிறுவர்க்கு அது விளையாட்டாகிறது. காலை உணவின்றி வந்தவனுக்கும், மாதவிடாய் நாளில் கழிப்பறை வசதியின்றித் தவிக்கும் மாணவிக்கும், கால் ஊனமுற்ற சிறுவனுக்கும் அது வேடிக்கைப் பொருளாகவே எஞ்சுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிறர்க்கு ஒப்பாக விளையாட்டு வாய்ப்பை வழங்குமாறு கல்வி நிறுவனங்களைப் பணித்துள்ள போதிலும், விதிகளைச் சற்று மாற்றி அச்சிறுவனையும் ஆட்டத்தில் சேர்க்கும் வழியறிந்த ஆசிரியர் இல்லாவிடத்து அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆதலின் உடற்கல்வியின் முதன்மையான வளம் ஆசிரியரே ஆவார். பிற வளங்களை ஒவ்வொரு மாணவரின் நலமாகவும் மாற்றித் தருவது அவருடைய தொழிலறிவும் கவனமுமாகும். 2020இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்க்குப் பயிற்சியளித்து நலத் தூதுவர்களாக ஆக்கும் முறையை வகுத்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் முழுநேரம் பாடம் நடத்துபவர் மீது இப்பொறுப்பும் ஏற்றப்படும்போது, அதற்குரிய நேரமும் அவர்க்கு ஒதுக்கப்படல் வேண்டும். நேரம் தராது பெயர் மட்டும் தருவது கடனைக் கைமாற்றிவிடுவதாகவே முடியும்.

அளத்தலும் இழிவும்

கேலோ இந்தியா திட்டத்தின் பள்ளி உடற்தகுதி மதிப்பீட்டில், ஒன்பது வயது முதலான மாணவர்க்கு உடல் நிறைக் குறியெண், 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள் முதலியன அளக்கப்படுகின்றன. அளவீட்டால் ஊட்டக்குறையையும் மிகை எடையையும் காலத்தே அறியலாம். ஆயினும் எடையை வகுப்பறிய உரக்கப் படிப்பதும், கடைசியாக ஓடி வந்தவனைப் பார்த்துப் பிறர் நகைக்க விடுவதும் அளவீட்டைத் தண்டனையாக்கிவிடுகின்றன. அன்று கூசிய சிறுவன் மறுவாரம் வயிற்றுவலி என்று கூறி மைதானத்தின் ஓரத்தில் அமர்கிறான். நலம் பேண வந்த கல்வியே அவனைத் தன் உடலை வெறுக்கப் பழக்கிவிடுகிறது.

இங்கு இரண்டாவது வினாவிற்கு விடை காணலாம். இயலாததைச் செய்யுமாறு எவரையும் கடமைப்படுத்த இயலாது என்பது அறவியலின் பொதுக்கொள்கை. மைதானமும் கருவியும் இல்லாமைக்கு ஆசிரியரைக் குறைகூறுதல் முறையன்று. அப்பொறுப்பு வளத்தைப் பங்கிடும் அரசையும் நிர்வாகத்தையும் சாரும. ஆனால் மாணவரை இழிவுபடுத்தாதிருத்தல் பொருட்செலவை வேண்டாத கடமை. வளமின்மை அதனை மீறுவதற்குச் சாக்காகாது. ஆக்கக் கடமைகள் வளத்தைப் பொறுத்துப் பகிரப்படுவன. தவிர்ப்புக் கடமைகள் எந்நிலையிலும் ஆசிரியரை விட்டு நீங்காதன.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்திற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். திறமையுடையோரைத் தேர்ந்து வளர்ப்பதும் பள்ளியின் கடமையன்றோ என்பது ஒன்று. கடமையே, ஆனால் அது இரண்டாவதாக நிற்பது. எழுத்தறிவு அனைவர்க்கும் உரியது, கவிஞராதல் சிலர்க்கு வாய்ப்பது. கவிஞரை உருவாக்கும் பொருட்டு ஏனையோர்க்கு எழுத்தறிவை மறுப்பதை எவரும் ஏற்கமாட்டார்.

மற்றது இதனினும் வலிமையுடையது. வறிய குடும்பத்து மாணவன் வறுமையினின்றும் மீளக் கல்வித் தேர்ச்சி ஒன்றே வழி. அவனுக்கு ஒரு மணி நேரக் கணக்குப் பயிற்சி, ஒரு மணி நேர விளையாட்டினும் மேலானதன்றோ என்பது அது. இவ்வாறு கேட்போரின் அக்கறை உண்மையானது. எனினும் வசதியுள்ள குழந்தைக்கு மாலையில் பயிற்சிக் கழகமும் பூங்காவும் கிடைக்கும். வீட்டு வேலையும் நெருக்கடியான குடியிருப்பும் சூழ்ந்த குழந்தைக்குப் பள்ளிப் பாடவேளை ஒன்றே விளையாடும் பொழுதாக அமையலாம். அதனைப் பறிப்பதால் நேரும் இழப்பு வறியவருக்கே மிகுதி. வறுமையினின்றும் மீளும் பொருட்டுக் குழந்தைப் பருவத்தையே விலையாகக் கொடு என்று ஒரு சமூகம் தன் ஏழைக் குழந்தைகளிடம் மட்டும் கேட்பது நீதியாகாது.

முடிவுரை

உடற்கல்வி மாணவர்க்குச் செலுத்த வேண்டிய கடன் என்பதும், பிற வளங்களை நலமாக மாற்றும் முதன்மை வளம் ஆசிரியரே என்பதும், வளம் குன்றிய நிலையிலும் மாணவரின் மதிப்பைக் காக்கும் கடமை குன்றாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும். ஒரு பள்ளியின் உடற்கல்வியை மதிப்பிடுவோர் அலுவலகத்தில் அடுக்கப்பட்டுள்ள கோப்பைகளைக் காண்பதோடு, ஓட்டத்தில் கடைசியாக வந்த மாணவனையும் காணுதல் வேண்டும். அவன் அடுத்த வாரமும் விருப்பத்துடன் மைதானத்திற்கு வருகிறானாயின், அப்பள்ளி தன் கடனைச் செலுத்தியுள்ளது எனலாம்.