பலாமரத்தை எரித்த சிறுவன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். ஞானசம்பந்தர் பாடிய தலம். அதன் தலபுராணத்தில் நாளொரு பழம் தரும் பலாமரம் ஒன்று வருகிறது. அந்தப் பழத்தைத் தில்லைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் நடராசருக்குப் படைத்து, சோழ மன்னனுக்கும் சேர்ப்பிக்க வேண்டியது ஊரார் பொறுப்பு. அவர்கள் படும் பாட்டைப் பொறுக்காத சிறுவன் ஒருவன் மரத்தையே எரித்துவிட்டான். அவன் செய்தது தருமமா? கேட்பவர்கள் கதையில் அடுத்து வரும், சிவன் பொன்னுடும்பாகத் தோன்றும் அற்புதத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கோ இந்த இடம்தான் முக்கியம். பெருத்திருப்பதே குற்றமா, பெருத்தவர் பிறர் தலையில் சுமை ஏற்றுவது குற்றமா? நம் 1969ஆம் ஆண்டு ஏகபோகத் தடைச் சட்டம் பெருத்த நிறுவனம் என்றாலே சந்தேகப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் ஆதிக்கத்தை விட்டுவிட்டு, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. இரண்டாவதே சரி. சிறுவனின் கோபம் நியாயமானது. மரம் என்ன பாவம் செய்தது?

காஞ்சிபுரத்துத் தறிக்கு வருவோம். கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் பிணைக்க, நெசவாளிக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். பாவு, பட்டு, ஜரிகை எல்லாம் ஒரே முதலாளியிடமிருந்து வந்து, முன்பணமும் தீராமல் நின்றால், கூலி குறைவு என்று நெசவாளி வேறிடம் போக முடியாது. முதலாளி செல்வந்தராக இருப்பதில் தவறில்லை. நெசவாளிக்கு வேறு போக்கிடம் இல்லாததுதான் தவறு. கூட்டுறவுச் சங்கம் அந்தப் போக்கிடத்தைத் தருகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்னும் குறளை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் யோசிக்கத் தக்கது.

நெருக்கடிக் காலத்தில் போட்டி எதற்கு, தொழிலதிபர்கள் கூடிப் பேசிப் பிழைக்கட்டுமே என்பார்கள். 1933இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு அதைத்தான் செய்தது. தொழில்துறை மீட்புச் சட்டத்தின் பெயரில் விலையை உடன்பட்டு நிர்ணயிக்க இடம் கொடுத்தது. 1935இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. அந்தக் கொள்கை மீட்சியைத் தாமதப்படுத்தியது என்பது கோல், ஒஹானியன் ஆகிய பொருளியலாளர்களின் முடிவு. இங்கே 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கியபோதும், நெசவாளி ஒரே முதலாளியை நம்பியிருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது. அப்படியானால் கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமே போட்டிக்குத் தடையல்லவா என்று கேட்டால், ஆம், தடைதான். ஆனால் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது போட்டியே அல்ல, மோசடி. அதைத் தண்டிப்பதில் தயக்கம் கூடாது. அதற்கு முன்பே அரசு செய்ய வேண்டியவை இரண்டு: சங்கங்கள் கூலியைத் தாமதமின்றித் தரச் செய்ய வேண்டும், முன்பணக் கடனை அடைக்க நெசவாளிக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டும்.