பதில் சொல்வது யார்?

தமிழில் ‘பதில் சொல்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கேட்ட கேள்விக்கு விடை தருவது ஒன்று. “நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்று கேட்கும்போது வருவது இன்னொன்று. முதலாவதற்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். முகம், விலாசம், இழப்பதற்கு ஏதாவது.

சின்னக் கடை வைத்திருப்பவர்கள் ஏஐ கருவிகளை எப்படிப் பயன்படுத்தத் தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவனுக்குக் கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கேள்வியிலிருந்து தப்பில்லை. எந்த ஆப், மாசம் எவ்வளவு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதெல்லாம் அரைமணி நேரத்தில் சொல்லிவிடக்கூடியது. ஆறு மாதத்தில் மாறியும் விடும். எனக்கு அந்த இரண்டு பொருள்களும் தனித்தனியாகப் பிரியும் இடத்தில்தான் விஷயமே இருப்பதாகப் படுகிறது.

அவை பிரிந்த ஒரு வழக்கு கனடாவில் நடந்தது. 2022 நவம்பரில் ஒருவருடைய பாட்டி இறந்துபோகிறார். டொரொன்டோ போக வேண்டும். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஏர் கனடா சலுகைக் கட்டணம் தருவதுண்டு. அவர் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் கேட்கிறார். டிக்கெட் எடுத்து 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்கிறது அது. நம்பி முழு விலையில் டிக்கெட் எடுத்துப் போய்வருகிறார். ஆனால் நிறுவனத்தின் விதிப்படி, பயணம் முடிந்தபின் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. பணம் மறுக்கப்பட, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனார். சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான ஒரு தனிச் சட்ட ஆள் என்கிற மாதிரி நிறுவனம் வாதிட்டதாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, வட்டியும் கட்டணமும் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது.

விமான நிறுவனத்துக்கு அது டீச்செலவு. ஆனால் அந்த வாதத்தை நம் கடைத்தெருவில் வைத்துப் பாருங்கள். “அத நான் சொல்லலீங்க, பையன் சொல்லியிருப்பான்.” எடுபடுமா? பையன் சொன்னாலும் முதலாளி சொன்னதுதான் என்பது சட்டம் படிக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள், அவர் இறந்தபிறகு 1962இல் புத்தகமாக வந்தன. சில சொற்கள் எதையும் விவரிப்பதில்லை, அவை தாமே செயல்கள் என்பது அவர் பிடித்துக்கொண்ட விஷயம். ‘வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடறேன்’ என்பது வியாழக்கிழமையைப் பற்றிய தகவல் இல்லை, ஒரு வாக்கு. அந்தச் செயல் நிறைவேற, சொல்கிறவர் அதைச் சொல்லத் தகுந்தவராக இருக்கவேண்டும். ஒரு கடையில் நாள் முழுக்கப் புழங்கும் பேச்சில் பாதி இந்த வகை. விலை, தேதி, ‘ரிப்பேர்னா கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்’ எல்லாமே வாக்குகள். மொழிமாதிரி என்ன செய்கிறது? இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது பொருந்தும் என்று கணித்துக்கொண்டே போகிறது. அது வாக்குக் கொடுப்பதில்லை. வாக்கின் வடிவத்தில் இருக்கும் வாக்கியத்தைத் தருகிறது. வாட்ஸப்பில் அதை வாங்கிப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது எனக்கு வெறும் தத்துவமாக இல்லாமல் போனதற்குக் காரணம் என் தாய்மாமா. கோபிச்செட்டிபாளையத்தில் மோட்டார், பைப், எலெக்ட்ரிகல் சாமான் விற்கும் கடை. மாமா, அவர் மகன், கணக்கெழுதும் ஒரு அக்கா, சாமான் எடுத்துக்கொடுக்க இரண்டு பேர். போன வருஷம் மகன் ஏஐ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, மாமா எனக்குப் போன் போட்டார். “மாப்ளே, இது நமக்கு ஆகுமா ஆகாதா, ஒரே வார்த்தைல சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. நான் சொன்னது இதுதான்: அது செய்துகொடுப்பதைச் சரிபார்க்க, அதை நாமே செய்வதைவிடக் குறைவான நேரம் ஆகவேண்டும். சரிபார்க்கிற அறிவு நம் கையில் ஏற்கெனவே இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வந்தது விலைப்பட்டியல். டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் பிடிஎஃப்பை எக்செல்லாக மாற்றுவது. ஒரு ராத்திரி முழுக்க அக்கா அடித்துக்கொண்டிருந்த வேலை. மாமாவுக்கு விலை மனப்பாடம், ஒரு எண் பிசகினால் கண் அங்கேயே போய் நிற்கும். அடுத்தது வாரண்டிக்காகக் கம்பெனிக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம். மாமா தமிழில் பேசிப் பதிவுசெய்வார், கருவி ஆங்கிலத்தில் எழுதும், அக்கா படித்துப் பார்த்து அனுப்புவார். ‘எழுதியதை நீயே தமிழில் திருப்பிச் சொல்’ என்று அதனிடமே கேட்டுச் சரிபார்க்கலாமே என்றான் மகன். திருடனையே தேள் கடித்ததா என்று பார்க்கச் சொல்வது மாதிரிதான். அக்கா படிப்பதே மேல். பிறகு இந்தி. சுற்றுவட்டார மில்களில் வேலைசெய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் சாமான் வாங்க வருவார்கள். இத்தனை வருஷம் கைஜாடையில் ஓடிய வியாபாரம், இப்போது போனை நடுவில் வைத்துப் பேச்சில் நடக்கிறது. அவர்களில் ஒருவர் முதல்முறையாக ஒரு சுவிட்சைப் பற்றி முழுதாகக் குறை சொன்னதை மாமா பெருமையாகச் சொன்னார்.

வரி பற்றி மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம் என்றேன். தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகளுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 அன்று 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. அவற்றையும் படித்துத்தான் கருவி கற்றிருக்கிறது. ஒருவேளை சரியாகச் சொல்லலாம், ஒருவேளை பழையதைச் சொல்லலாம். குரல் இரண்டுக்கும் ஒன்றே. நோட்டீஸ் வரும்போது ஆடிட்டர் பதில் சொல்வார். கருவி சொல்லாது.

மாமாவின் மகனுக்கு இதிலெல்லாம் திருப்தியில்லை. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் கேட்டால் இரவு பதினொரு மணிக்கும் பதில் போகவேண்டும் என்பது அவன் கனவு. அங்கே வருகிற கேள்வி பெரும்பாலும் ஒரே ரகம்: “300 அடி போர், 2 ஹெச்பி மோட்டார் தாங்குமா?” கருவியிடம் கேட்டுப் பார்த்தோம். அழகான தமிழில் நான்கு பத்தி. தவறு என்று சொல்லமுடியாத பதில். இதே கேள்வியைக் கடையில் ஒருவர் கேட்டால் மாமா பதிலே சொல்லமாட்டார், கேட்க ஆரம்பிப்பார். எந்த ஊருங்க? போர் 300 சரி, தண்ணி எத்தனை அடில நிக்குது? சித்திரைல எங்க போகுது? எத்தனை இஞ்சு பைப்பு? கரண்டு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? ஒரே குதிரைத்திறனில் ஸ்டேஜ் கூடினால் தண்ணீர் அதிக உயரம் ஏறும், வரும் அளவு குறையும். எனவே ஹெச்பியை மட்டும் வைத்துக்கொண்டு ‘தாங்கும்’ என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய கருவிகளும் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் இப்படித் திருப்பிக் கேட்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மாமா சில ஊர்க்காரர்களிடம் கடைசியில் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “எனக்குத் தெரியலீங்க. பக்கத்துத் தோட்டத்துல என்ன போட்ருக்காங்கன்னு கேட்டுட்டு நாளைக்கு வாங்க.” விற்பனை ஒருநாள் தள்ளிப்போகும், சிலசமயம் அடுத்த கடைக்கே போய்விடும். மோட்டார் எரிந்தால் அந்த மனிதர் அதை பைக்கில் கட்டிக்கொண்டு இந்தக் கடை வாசலுக்குத்தான் வருவார் என்கிற பயம் அந்த ‘தெரியலீங்க’வுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பயம் இல்லாத ஒன்றுக்கு ‘தெரியவில்லை’ என்பதும் மற்றொரு பொருத்தமான சொற்றொடர் மட்டுமே.

பிறகு கடன். மஞ்சள் வித்ததும் தர்றேன் என்று வாங்கிப்போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய. பாக்கியை நினைவூட்டும் செய்தியைத் தானாக அனுப்பும் செயலி ஒன்றை விற்க ஒருவர் வந்தார். தேதி தாண்டினால் மரியாதையாக ஒன்று, ஒரு வாரம் கழித்து கொஞ்சம் அழுத்தமாக ஒன்று. எல்லாம் கேட்டுவிட்டு மாமா ஒன்றே ஒன்று கேட்டார். “எழவு ஊட்டுக்கும் போகுமாங்க?”

அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அந்த நம்பரை மட்டும் நிறுத்தி வைக்கலாம் சார், ஒரு பட்டன்தான்.

“யாரு ஊட்ல எழவுன்னு அதுக்கு யாருங்க சொல்றது?”

இதைக் கேட்டு என் நண்பர்கள் பலர் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு அந்த நெகிழ்ச்சியில் முழு உடன்பாடு இல்லை. ஏனென்றால் மாமாவின் அந்த நினைவு யார்யார் வீட்டு இழவை வைத்துக்கொண்டிருக்கிறது? கடையில் ஒரு மரநாற்காலி கிடக்கும். சிலர் வந்ததும் அது இழுத்துப் போடப்படும், சிலர் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு நாற்காலி, யாருக்கு ‘வாப்பா’, யாருக்குக் கடன், யாருக்கு ரொக்கம் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த ஊரின் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. மாமாவிடம் கேட்டால் மறுப்பார், மனதார மறுப்பார். முகத்தைப் பார்த்துக் கருணை காட்டத் தெரிந்த அதே கண்தான் முகத்தைப் பார்த்து விலையும் சொல்லியது. தனியாக வரும் பெண்ணுக்கும் இந்தி பேசும் பையனுக்கும் ஒரு விலை, தெரிந்தவருக்கு வேறு விலை.

கருவிக்கு முகம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே ‘வணக்கம்’, ஒரே ‘நீங்கள்’. நின்றபடியே பேசிப் பழகிய ஒருவருக்கு அந்த ‘நீங்கள்’ சின்ன விஷயமா? மனிதத் தொடர்பு போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலி போடப்பட்டவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வணிகரைப் பெயர் சொல்லிப் பேசும் 120ஆவது குறள் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பிறர் பொருளைத் தன்னுடையதுபோலப் பேணுவதுதான் வாணிகம் என்கிறது. கருவியிடம் ஒரு நடுவுநிலை இருக்கிறது, யாரையும் தெரியாததால் வருவது. மாமாவிடம் கருணை இருக்கிறது, சிலரை நன்றாகத் தெரிந்ததால் வருவது. பிறர் பொருளைத் தன்னுடையதாக நினைக்க முதலில் அந்தப் பிறர் யாரென்று தெரியவேண்டும். எல்லாரையும் அப்படி நினைக்க, தெரிந்தவர் தெரியாதவர் கணக்கை மறக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் கூடிவருவது கடினம்.

ஆகவே இடத்தைப் பிரித்தோம். முகம் தெரிவது கெடுதல் செய்கிற இடத்தில் கருவி: விலை. மாமா நிர்ணயித்த பட்டியலில் இருப்பதை மட்டும் எடுத்துச் சொல்லும், பட்டியலில் இல்லாததற்கு ‘கடையில் கேளுங்கள்’ என்னும். யார் கேட்டாலும் அதே விலை. மாமா இதற்குத்தான் அதிகம் முரண்டு பிடித்தார், எழவு வீட்டுக் கேள்வி கேட்ட அதே மாமா. முகம் தெரிவது நல்லது செய்கிற இடத்தில் மனிதர்: கடன், தவணை, புகார், ‘தெரியலீங்க’. இந்தப் பிரிவு முழுசாக நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. யாருக்குக் கடன் என்பது இன்னும் மாமாவின் கண்ணில்தான் இருக்கிறது.

கடன் நோட்டைப் போட்டோ எடுத்துக் கருவியிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கூட்டித் தரும் என்று மகன் செய்யப்போனான். அதைத் தடுத்தது நான். அந்த நோட்டில் இருப்பது கடையின் கணக்கு மட்டுமில்லை. யார் வீட்டில் இந்த வருஷம் என்ன நிலைமை என்பதும் அதில் இருக்கிறது. அவர்கள் மாமாவிடம் கடன் பட்டார்களே தவிர வேறு யாரிடமும் காட்டச் சொல்லவில்லை. அமைப்புகளில் போய் அணைக்காவிட்டால் நாம் கொடுப்பதைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது; வராவிட்டாலும் இது பிறர் பொருள்தான். பெயரை மறைத்து வெறும் எண்களைக் கொடுத்தால் கூட்டல் நடக்கும். அல்லது கால்குலேட்டர் இருக்கிறது.

மிச்சம் அக்கா. பதினாறு வருஷமாகக் கணக்கெழுதுகிறவர். பட்டியல் அடிக்கும் வேலை போய்விட்டது, அதற்குப் பதில் கருவி எழுதும் எல்லாவற்றையும் படித்து அனுப்பும் வேலை வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் லேசான வேலை. எழுதும்போது நாம் எழுதுவது நமக்குத் தெரியும். நூறு சரியான வரிகளுக்கு நடுவில் அதே மிடுக்கோடு நிற்கும் ஒரு தப்பான வரியைத் தேடுவது வேறு வகை அலுப்பு. நானும் அலுவலகத்தில் கருவி எழுதிய நிரலைப் படித்துச் சரிபார்க்கிறேன், எனக்கு அதற்குத் தனிச் சம்பளப் படிநிலையே உண்டு. முதல் மாதம் ஒரு கடிதத்தில் மோட்டாரின் சீரியல் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்ததை அக்காதான் பிடித்தார். பிடித்தது யாருக்கும் தெரியாது. விட்டிருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

தை மாதம் நான் போயிருந்தபோது அக்கா மாமாவிடம் கேட்டார். “அண்ணா, எழுதறது அதுதான், கையெழுத்து உங்களுதுதான். தப்பாப் போச்சுன்னா திட்டு மட்டும் எனக்குத்தானுங்களே? அப்ப சம்பளத்தக் கொஞ்சம் பாருங்க.”

மாமா என்னைப் பார்த்தார். ஆடிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். மகன், அதற்கும் ஒரு கருவி வந்துவிட்டது, ஒன்று எழுதுவதை இன்னொன்று சரிபார்க்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா அன்றைய செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, அனுப்பிக்கொண்டிருந்தார்.