முகர்ந்து பார்த்த யானை

கொல்லாமலும் பறிக்காமலும் வெறுமனே கண்ணால் காண்பதில் குற்றம் ஏதும் உண்டா என்று நம் பழைய மாணவர் ஒருவர் வினவினார். இலங்கை சென்று பாவா ஆதம் மலை ஏறி, யால காட்டையும் பார்த்துத் திரும்பியவர் அவர். அங்கே ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து ஜீப் வண்டிகள் மொய்த்து நின்ற காட்சி அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பார்வைக்கு எடையில்லை, குற்றமில்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நமக்கு நா எழவில்லை.

சரந்தீப் என்று அறபிகள் அழைத்த தீவின் அம்மலை 2,243 மீட்டர் உயரமுடையது. உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்பர், இந்துக்கள் சிவனுடையதென்பர், நம்மவர் ஆதிபிதாவினுடையதென்பர். 1344-இல் அதில் ஏறிய இப்னு பதூதா, பாறையில் பொருத்திய சங்கிலிகளையும், நீண்ட வாலுடைய கருங்குரங்குகளையும், அட்டைக்கு மருந்தாக வழிப்போக்கர் கொண்டு செல்லும் எலுமிச்சையையும் எழுதி வைத்தார். (அட்டைகள் இன்றும் அங்கே குறைவின்றி உண்டு.)

அவர் ஷீராஸ் நகரைப் பற்றி எழுதுமிடத்தில் ஒரு செய்தி வருகிறது. ஷைகு இப்னு கஃபீஃப் அவர்கள் முப்பது பக்கீர்களுடன் இம்மலைக்குப் புறப்பட்டு வழி தவறினார்கள். பசி வாட்டவே, உடன் வந்தோர் ஒரு யானைக்கன்றைப் பிடித்துண்ண அனுமதி கேட்டனர். ஷைகு தடுத்தார்கள், அவர்கள் கேளாமல் உண்டனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷைகையும் முகர்ந்தன, தீண்டவில்லை. அவற்றுள் ஒன்று அவர்களைத் துதிக்கையால் எடுத்து முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் கொண்டுவந்து விட்டது. இதை வரலாறென்று கொள்வோரும் கதையென்று கொள்வோரும் இருக்கலாம்; நமக்கு அந்த வழக்கு வேண்டாம். அன்றிரவு சோதிக்கப்பட்டவன் மனிதன் என்பதே நம்மை நிறுத்தி வைக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் அதே தீவில் யானை வேட்டை ஒரு பொழுதுபோக்காயிருந்தது. துப்பாக்கி போய்ப் படக்கருவி வந்தது பெரும் நன்மை. வேடிக்கை பார்ப்போர் தரும் பணத்தில் ஜீப் ஓட்டுநரின் வீட்டு அடுப்பும் எரிகிறது. இதை இகழ நாம் துணியோம்.

ஆயினும் நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உடவளவைச் சாலையில், மின்வேலிக்கு அப்பால் ஒரு யானை நின்றது. அருகே வரட்டும், நன்றாகப் பார்ப்போம் என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி நீட்டினோம். அது வந்தது; மகிழ்ந்தோம். அதன் காலடியில் பாலிதீன் பைகள் கிடந்ததைப் பிறகே கண்டோம். காட்டில் மேய வேண்டிய அவ்வுயிர் வழிப்போக்கரின் கையை நம்பிச் சாலையோரம் காத்து நிற்கப் பழகியிருந்தது. நாம் அன்று கண்டது யானையையா, நம் பழத்தின் விளைவையா?

அறபியில் 'நளர்' என்றால் பார்த்தல். பார்த்ததிலிருந்து படிப்பினை பெறுவதை 'இஃதிபார்' என்பர். இச்சொல்லின் வேர் 'அபர', அதாவது கடந்து அக்கரை சேர்தல். கண்ணீருக்குரிய 'அப்ரத்' என்ற சொல்லும் அவ்வேரிலேயே பிறந்தது. இக்கரையிலேயே நின்றுகொள்ளும் பார்வை, காணப்படுவதைத் தன்னிடம் வரவழைக்கப் பார்க்கிறது. பழத்தாலோ வண்டியாலோ அதை நெருங்கி நெருக்குகிறது. மலையிடம் இந்த வித்தை பலிக்காது. மார்கழிக் குளிரில் நள்ளிரவில் படியேறும் கிழவியும் தானேதான் ஏறியாக வேண்டும். உச்சி அவளுக்காக ஒரு படியும் இறங்கி வருவதில்லை.

மாணவரிடம் இவ்வளவையும் சொன்னோம். மீண்டும் போவீர்களா என்று கேட்டார். முழங்கால் இடந்தந்தால் மலைக்குப் போவோம். வேலியோரம் போக நேர்ந்தால் வெறுங்கையோடு போவோம் என்றோம்.